கலியாணக் கேக்கும் பந்தி விசாரணையும்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்” என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. இவ்விரு காரியங்களிலும் எண்ணிய தொகைக்கு மேலாகவே செலவு ஏறும் என்பது அதன் கருத்து. கலியாணச் செலவுகளுள் அரிசி, பருப்பு, இலை, பந்தல் ஆகியவற்றைக் கணக்கிட்டு வாங்க நம் பெரியோர் நன்கறிவர். ஆனால் கேக் என்னும் பண்டம் நம் சமையற்கட்டில் பிறந்ததன்று. ஆதலின் அதனை அளந்து வாங்கவும், அறுத்துப் பங்கிடவும் நம்மிற் பலர் அறியார். அறியாமையால் விளைவன இரண்டு: ஒன்று, மணவீட்டாருக்கு வீண் செலவு, மற்றொன்று, கடைசி வரிசையில் அமர்ந்தோருக்கு வெறுங்கை. இவ்விரண்டையும் தவிர்க்கும் வழியை விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

மதுரைக்குத் தென்மேற்கே உள்ள திருமங்கலத்தில் ஆலய விவாகம் புதிதன்று. 1834-ஆம் ஆண்டில் மதுரையில் ஊழியம் தொடங்கிய அமெரிக்கன் மிஷன், 1842-இல் திருமங்கலத்தில் ஒரு போதனாசாலையை நிறுவிப் பின்பு 1845-இல் அதனைப் பசுமலைக்கு மாற்றிற்று. எனவே இவ்வட்டாரத்துச் சபையார் பல தலைமுறையாக ஆலயத்தில் மணம் முடிப்பவர்கள். இக்காலத்தில் ஆராதனை முடிந்தபின் மண்டபத்தில் நடைபெறும் வரவேற்பில் மணமக்கள் கேக் வெட்டுவது வழக்கமாகிவிட்டது. பிற சமயத்தார் இல்லங்களிலும் இது பரவி வருகிறது.

அடுக்கடுக்காய் உயர்ந்து நிற்கும் கேக் இங்கிலாந்து தேசத்து வழக்கம். 1840-இல் விக்டோரியா மகாராணியின் விவாகத்திற்குச் செய்யப்பட்ட கேக் ஏறக்குறைய 300 ராத்தல், அதாவது 136 கிலோ எடையுள்ளது. அதன் சுற்றளவு 9 அடி, கனம் 14 அங்குலம். பிற்காலத்து அடுக்குக் கேக்கில் அடித்தட்டு விருந்தினர்க்கும், நடுத்தட்டு வர இயலாதோர்க்கும், மேல்தட்டு தலைப்பிள்ளையின் ஞானஸ்நான நாளுக்கும் என்று ஒதுக்குவது அந்நாட்டார் முறை. சர்க்கரையும் உலர்ந்த பழமும் மதுவும் மிகுதியாய்ச் சேர்ந்த பழக் கேக், குளிர்ந்த நாட்டில் மாதக்கணக்காய்க் கெடாதிருந்தது. நாமோ அடுக்கை மட்டும் கைக்கொண்டோம். அதன் காரணத்தைக் கைக்கொண்டிலோம்.

இனிக் கணக்கிற்கு வருவோம். 4 அங்குல உயரமுள்ள கேக்கில், மேற்புறம் 1 அங்குலமும் 2 அங்குலமும் உள்ள துண்டே ஒருவருக்குரிய பங்கு என்று கேக் செய்வோர் கணக்கிடுவது பெருவழக்கு. அவ்வாறாயின் மேற்பரப்பைச் சதுர அங்குலத்தில் கண்டு இரண்டால் வகுத்தால் துண்டுகளின் தொகை கிடைக்கும். 10 அங்குல விட்டமுள்ள வட்டக் கேக்கின் பரப்பு 78½ சதுர அங்குலம். அது 39 பேருக்குப் போதும். அதே 10 அங்குலப் பக்கமுள்ள சதுரக் கேக்கோ 50 பேருக்கு ஆகும். 14, 10, 6 அங்குல விட்டங்களையுடைய மூன்றடுக்கு வட்டக் கேக், பார்வைக்கு மலைபோல் தோன்றினும், முறையே 77, 39, 14 ஆக 130 துண்டுகளே தரும். விருந்தினர் 400 பேராயின் 270 பேருக்கு ஒன்றும் இல்லை. ஓரங்களிலும் உதிர்தலிலும் கழிவதைச் சேர்த்தால் குறைவு இன்னும் பெரிதாகும்.

இதற்கு மாறாக, 12 அங்குல அகலமும் 18 அங்குல நீளமும் 2 அங்குல உயரமும் உள்ள நீள்சதுரத் தட்டில் சுட்ட கேக்கை எடுத்துக்கொள்வோம். அகலத்தை ஒன்றரை அங்குலமாக 8 பாகமும், நீளத்தை 2 அங்குலமாக 9 பாகமும் செய்தால் 72 துண்டுகள் ஆகும். ஆறு தட்டுகளில் 432 துண்டுகள்! முன் சொன்ன பங்கினும் இது சற்றுச் சிறிது எனினும், பின்னால் இலைச்சாப்பாடு காத்திருக்கையில் இவ்வளவே போதுமானது.

பணம் மிச்சமாவதும் இவ்விடத்திலேயே. பேக்கரியில் கேக்கை எடைக்கணக்கில் விற்பர். பூவேலையும் தூண்வேலையும் ஏற ஏறக் கிலோவின் விலையும் ஏறும். ஆகவே மேடையில் வைத்து வெட்டுவதற்கு அலங்காரமுள்ள சிறிய கேக் ஒன்று. உண்பதற்கு அலங்காரமில்லாத தட்டுக் கேக் வேண்டிய அளவு. காண்பதற்குரியதையும் உண்பதற்குரியதையும் இவ்வாறு பிரித்துவிடுவதே செட்டின் இரகசியம்.

இது கஞ்சத்தனம் என்று எவரும் நாணவேண்டுவதில்லை. இலங்கையில் செல்வரும் கைக்கொள்ளும் முறையைப் பாருங்கள். அங்கே மேடையில் நிற்கும் அடுக்குகள் பெரும்பாலும் தெர்மாகோல் போன்ற பொருளாற் செய்த வடிவங்களே. மணமக்கள் வெட்டும் பகுதி மட்டும் உண்மையான கேக். விருந்தினர்க்குரிய பழக் கேக்கை முன்னதாகவே துண்டு செய்து, தாளிற் சுற்றிச் சிறு பெட்டிகளிலிட்டு வழங்கிவிடுகின்றனர். இங்கிலாந்திலும் இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1940-இல், கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சிடுவது தடை செய்யப்பட்டது. அப்பொழுது மணமக்கள் சிறியதோர் கேக்கின்மேல் அட்டையாலான உறையைக் கவிழ்த்து வைத்து மணவிழாவை நிறைவேற்றினர். அவர்கள் இல்லறம் அதனாற் குறைவுபட்டதில்லை.

நம் ஊரின் வெயிலையும் கருதவேண்டும். தபசு நாட்களில் விவாகம் நடத்தாத சபையார், உயிர்த்தெழுதல் திருநாளுக்குப் பின்னரே மணநாள் குறிப்பர். அதுவோ கத்திரி வெயிலின் காலம். வெண்ணெய் ஏறக்குறைய 32 முதல் 35 பாகை வெப்பத்தில் உருகும். திருமங்கலத்துச் சித்திரை வைகாசிப் பகற்பொழுது அதனைத் தாண்டிவிடுவதால் வெண்ணெய்ப் பூச்சு வழிந்தோடும். முட்டை வெள்ளையும் சர்க்கரையும் கலந்து உலர்த்திய கெட்டிப் பூச்சோ வெப்பத்தைத் தாங்கும். பூச்சே இல்லாத பழக் கேக்கு அதனினும் நன்று. மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பும் ஏறாது.

அறுக்கும் முறையாவது: கேக் முற்றிலும் ஆறியிருத்தல் வேண்டும். பழக் கேக்கு ஓரிரு நாள் சென்றபின் உதிராமல் அறுபடும். நீண்ட கத்தியை வெந்நீரில் தோய்த்து, ஒவ்வொரு வெட்டுக்கும் துணியால் துடைத்துக்கொள்க. மெத்தென்ற கேக்குக்கு ரொட்டி அறுக்கும் பல் கத்தியே ஏற்றது. வட்டக் கேக்கை முக்கோணமாய் வெட்டினால் பங்குகள் ஏறத்தாழ அமையும். விளிம்பிலிருந்து 2 அங்குலம் உள்ளே தள்ளி ஒரு வட்டம் கீறி, அவ்வளையத்தை முதலில் துண்டாக்கிப் பின்பு உள்வட்டத்தை அறுப்பதே முறை. அறுபட்ட முகம் காற்றில் உலருமாதலால், தட்டுகளை உடனே எண்ணெய்த்தாளால் மூடிவைக்க வேண்டும்.

இனிக் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விருந்தினர் முன்னிலையில் ஒருவரே நின்று, ஒரு துண்டுக்குக் கால் நிமிஷமாக 400 துண்டு அறுத்துக் கொடுப்பதானால் 100 நிமிஷம் செல்லும். குழந்தைகள் அழுவர், தூரத்து ஊரார் பேருந்திற்கு எழுந்து போவர், அடுப்பில் சோறு ஆறும். முன்கூட்டி அறுத்து, 12 இளைஞர் வரிசைக்கு ஒருவராய்ப் பரிமாறினால், ஒருவர் பங்கில் 34 பேருக்கு மேல் வாரார். ஒருவருக்கு ஐந்து விநாடி ஆயினும் மூன்று நிமிஷத்திற்குள் பரிமாறல் முடியும்! ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த நாளில் நம் ஆண்டவர், ஜனங்களை ஐம்பது ஐம்பது பேராகப் பந்தி இருத்தும்படி சீஷருக்குக் கட்டளையிட்டதாக லூக்கா எழுதுகிறார். அற்புதம் நிகழ்ந்த இடத்திலும் வரிசையும் ஒழுங்கும் தள்ளப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

பரிமாறுவோர் கடைசி வரிசையிலிருந்து தொடங்குவராக. முன்வரிசையில் இருப்போர் கனவான்கள். அவர்களை எவரும் மறவார். பின்வரிசையில் இருப்பவரோ, மொய்ப்பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு அயலூரிலிருந்து நடந்து வந்த ஏழைக் கிழவியாக இருக்கலாம். அவர் கையில் துண்டு விழாதுபோனால், மேடையிலுள்ள அடுக்கு எத்துணை உயரமாயினும் அவ்விருந்து குறைவுபட்ட விருந்தே. கானாவூர்க் கலியாணத்தில் திராட்சரசம் குறைவுபட்டபோது வீட்டாருக்கு நேரவிருந்த தலைகுனிவும் இத்தன்மையதே.

நண்பர்காள்! கலியாணம் ஒரு நாள், கடன் பல்லாண்டு. நும் இல்லத்திலாயினும் நும் அயலார் இல்லத்திலாயினும் மணவிழா நடைபெறுமானால், காகிதமும் எழுதுகோலும் எடுத்து விருந்தினரை எண்ணிப் பெண்ணின் தகப்பனார்க்கு இக்கணக்கைச் செய்து காட்டுங்கள். கல்லூரியிற் கற்ற கணிதத்திற்கு இதனினும் நற்பயன் வேறுண்டோ? நம் கணக்கில் மிஞ்சிய 32 துண்டுகளையும், பிணியால் வர இயலாதோர் வீடுகளுக்கும், அடுப்படியில் நின்று உழைத்தோர்க்கும் அன்று மாலைக்குள் கொண்டு சேர்ப்பீர்களாக.