டிராயரில் இருந்த ராஜினாமாக் கடிதம்

நமது சங்கத்தின் பொங்கல் விழாவில், சாப்பாடு முடிந்து கை கழுவும் இடத்தில், ஒரு நண்பர் என்னைத் தனியே அழைத்தார். ஓராண்டாகத் தன் மகனுக்கு உடம்பு சரியில்லை என்றார். 'உடம்பு' என்று அவர் சொன்ன விதத்திலேயே விஷயம் புரிந்துவிட்டது. பையனுக்கு மத்திய அரசு வேலை. "ஊரில் போய் இருக்கட்டும் என்று பார்க்கிறோம். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடலாமா? உங்களுக்குத்தான் ரூல்ஸ் எல்லாம் தெரியுமே" என்றார்.

ரூல்ஸ் தெரியும். ஆனால் அன்று நான் சொன்னது வேறு. சங்கத்தில் இத்தனை ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அவரும் பையனும் சம்மதித்ததால் இங்கே எழுதுகிறேன்.

1980-ல் பாலிடெக்னிக் டிப்ளமாவுடன் ரயில்வேயில் சேர்ந்தவன் நான். 1996-ல் ஒரு ஒர்க்ஷாப்பின் சக்கரப் பிரிவில் இருந்தேன். அச்சின் முனையில் எண்ணெய் தடவி, அல்ட்ராசானிக் கருவியின் புரோபை வைத்து, திரையில் தெரியும் கோட்டைப் பார்த்து, உள்ளே விரிசல் இல்லை என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்த மழைக்காலத்தில் எனக்குத் தூக்கம் போயிற்று. நேற்றுப் பாஸ் செய்த அச்சில் விரிசல் இருந்ததோ என்று சந்தேகம். இரவு இரண்டு மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒர்க்ஷாப் கேட்டுக்குப் போய் நிற்பேன். பிறகு, ரிஜிஸ்டரில் என் எண்களை யாரோ மாற்றுகிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது. ஒருநாள் ரிஜிஸ்டரையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். என் மனைவி அதை அரிசி டின்னுக்குள் இருந்து எடுத்தாள்.

கடுமையான மனச்சோர்வு, அதோடு சேர்ந்த பிரமை என்றார் டாக்டர். அவரிடம் ஹிந்தியில்தான் பேசவேண்டும். தூக்கம் வரவில்லை என்று ஹிந்தியில் சொல்லலாம். மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது என்பதை எப்படிச் சொல்வது? வெளியூரில் நோய்ப்பட்டவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

ஏழு மாதம் சிக்கில் இருந்தேன். முழுச் சம்பள விடுப்பு தீர்ந்து அரைச் சம்பள விடுப்பு ஓடிக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து என் மனைவியின் அண்ணன் வந்தார். நல்ல மனிதர். "மாப்பிள்ளை, உடம்பை விடவா உத்தியோகம் பெரிசு? ஊருக்கு வாங்க, கடையைப் பார்த்துக்கலாம்" என்றார். ராஜினாமாக் கடிதத்தை அவரே எழுதினார். அச்சுக்குக் கையெழுத்துப் போட நடுங்கிய நான், அதில் யோசிக்காமல் போட்டுக் கொடுத்தேன்.

என் மேலதிகாரி ஒரு வங்காளி. தாதா என்று கூப்பிடுவோம். (நம் ஊரில் அதற்கு அர்த்தமே வேறு!) கடிதத்தைப் படித்துவிட்டு மேசை டிராயருக்குள் போட்டார். "பதினாறு வருட சர்வீஸ். ராஜினாமா செய்தால் அத்தனையும் போச்சு, பென்ஷன் கிடையாது. விருப்ப ஓய்வு கேட்கவும் இருபது வருடம் வேண்டும். குணமான பிறகு அவரே வந்து கேட்கட்டும், தருகிறேன்" என்று மைத்துனரிடம் சொல்லி அனுப்பினார்.

1997 மார்ச்சில் ரயில்வே டாக்டர் ஃபிட் சர்டிபிகேட் கொடுத்தார்: லேசான வேலை, நைட் டியூட்டி கூடாது. தாதா என்னைச் சக்கரப் பக்கமே விடவில்லை. பழைய வரைபடங்களுக்கு இன்டெக்ஸ் எழுதச் சொன்னார். வெல்ஃபேர் இன்ஸ்பெக்டர் ஒரு மராத்தியப் பெண்மணி. வாரம் ஒருமுறை என் மேசைக்கு வருவார், மாதம் ஒருமுறை வீட்டுக்கும் வருவார். காலையில் மாத்திரை மயக்கத்தில் நான் தூங்கி வழிவதைப் பார்த்து, டாக்டரிடம் பேசி, மாத்திரை நேரத்தை மாற்ற வைத்தவர் அவர்தான்.

"ராஞ்சியிலிருந்து எப்போது வந்தாய்?" என்று கேட்டவர்கள் உண்டு. நாம் கீழ்ப்பாக்கம் என்போமே, அதுபோல இந்தப் பக்கத்தில் ராஞ்சி. கேலி செய்தவர்களைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் கையில் ஸ்பேனரைக் கொடுக்கத் தயங்கியவர்களைத்தான் தாங்க முடியவில்லை.

என் தப்பும் உண்டு. மூன்றாம் மாதம், நன்றாகிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்தினேன். இன்டெக்ஸில் ஒரே எண்ணை இரண்டு தடவை எழுத ஆரம்பித்தேன். அதைக் கவனித்ததும் அந்த அம்மாள்தான். மறுபடி பதினைந்து நாள் சிக். திரும்பி வந்தபோது என் நாற்காலி அதே இடத்தில் இருந்தது. வேறு யாரையும் உட்கார வைக்கவில்லை.

எஞ்சினைப் பழுது பார்த்தால் முதலில் ஒத்திகை ஓட்டம் விட்டுப் பார்க்காமல் வண்டியில் மாட்டமாட்டோம். மனிதனை மட்டும் முதல் நாளே முழு வேகத்தில் ஓடச் சொல்கிறோம், அல்லது யார்டில் தள்ளிவிடுகிறோம்.

அமெரிக்காவில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் என்ற இருவர் 1990-களில் ஒரு முறையை உருவாக்கினார்கள் என்று பிற்பாடு படித்தேன். முழுக் குணமாகட்டும், பயிற்சி முடியட்டும் என்று காத்திராமல், விருப்பமுள்ளவரை நேரே உண்மையான வேலையில் சேர்த்து, பிறகு கூடவே நின்று உதவுவது. அந்த உதவிக்குக் கெடு கிடையாது. பழைய முறையைவிட இதில் அதிகம் பேர் வேலையில் அமர்ந்ததாகப் பல ஆய்வுகள் காட்டின. தாதா இதையெல்லாம் படித்தவர் இல்லை.

இன்று சட்டமும் இருக்கிறது. 1995-ம் வருடச் சட்டத்தின் 47-வது பிரிவில் இருந்த பாதுகாப்பு, இப்போது 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவில் இருக்கிறது. மனநோயும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் உண்டு. சர்வீஸில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் அரசு நிறுவனம் அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை ஒத்துவராவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை. அதுவும் இல்லாவிட்டால் கூடுதலாக ஒரு இடம் உண்டாக்கி வைத்திருக்கவேண்டும். இதற்கு அரசு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அதை வாங்கத்தான் நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள், பெண் கிடைக்காது என்று. தனியார் கம்பெனிகளுக்கு இந்தப் பிரிவு இல்லை. அங்கே தாதா மாதிரி ஒருவர் அமைந்தால்தான் உண்டு. பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண் 2022 முதல் இயங்குகிறது. இலவசம், தமிழிலும் பேசலாம்.

1998-ல் நான் மீண்டும் அச்சுச் சோதனைக்கு வந்தேன். முதல் ஆறு மாதம் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இன்னொருவர் கையெழுத்தும் இருந்தது. அது எனக்கு அவமானமாகத் தோன்றவில்லை. இரவில் தூங்க முடிந்தது. அந்தச் சமயம் தாதா கடிதத்தைத் திருப்பிக் கொடுத்து, "கிழித்துப் போடு" என்றார். கிழிக்கவில்லை. 2018-ல் ரிட்டயரானபோது வந்த பென்ஷன் ஆர்டரோடு ஒரே ஃபைலில் வைத்திருக்கிறேன். நண்பருக்கு அதைத்தான் எடுத்துக் காட்டினேன்.

அவர் ராஜினாமா எழுதவில்லை. பையன் வருகிற மாதம் டியூட்டியில் சேர்கிறான். முதல் நாள் நானும் கூடப் போகிறேன். அவன் மேலதிகாரியைப் பார்த்துப் பேசவேண்டும். "மாமா, இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது?" என்று நேற்று ஃபோனில் கேட்டான். இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.