பைபிள்ல இருக்கு: வேதம், விசுவாசம், வேலைக்காரர்

'பைபிள்ல இருக்கு' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிற சூழலில் பிறந்து வளர்ந்தவன் நான். சொல்பவர் உபதேசியாராகவோ, சேகரத்து ஐயராகவோ, கமிட்டியில் இருக்கிற பெரிய மனிதராகவோ இருப்பார். கேட்டுக்கொள்பவர் பெரும்பாலும் பெண், இல்லையென்றால் இளைஞன், அதுவுமில்லை என்றால் கடைசி வரிசையில் உட்காருகிற கூலிக்காரர். எங்கே இருக்கு, எந்த மொழியில் இருக்கு, யார் யாருக்குச் சொன்னதாக இருக்கு என்று திருப்பிக் கேட்டால் 'விசுவாசமில்லாதவன்' என்ற பட்டம் உடனே கிடைக்கும். வேதம் என்றால் என்ன என்பது பற்றிய தவறான எண்ணமும், விசுவாசம் என்றால் என்ன என்பது பற்றிய தவறான எண்ணமும் இப்படி ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிற்கின்றன. ஒன்றைத் தொட்டால் மற்றது ஆடும். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

தீங்கில்லாத பிழைகளும் உண்டு. ஏவாள் தின்றது ஆப்பிள் என்று ஆதியாகமத்தில் இல்லை; கனி என்றுதான் இருக்கிறது. கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஜிகினாக் கிரீடத்தோடு வருகிற மூன்று ராஜாக்களை மத்தேயுவில் தேடினால் ராஜாவும் இல்லை, மூன்று என்ற கணக்கும் இல்லை. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள், அவர்கள் கொண்டுவந்த மூன்று வகைப் பொருட்கள், அவ்வளவுதான். பவுல் விழுந்த குதிரையும் அப்போஸ்தலர் நடபடிகளில் கிடையாது. ஓவியர்கள் ஏற்றிவிட்ட குதிரை அது. இவற்றால் யாருக்கும் நஷ்டமில்லை.

மகதலேனா மரியாள் விஷயம் அப்படியல்ல. லூக்கா 7ஆம் அதிகாரத்தில் இயேசுவின் காலைக் கண்ணீரால் நனைக்கிற பெண்ணுக்குப் பெயர் இல்லை. 8ஆம் அதிகாரத்தில்தான் மகதலேனா வருகிறாள், பிசாசு பிடித்துக் குணமானவளாக. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் போப் முதலாம் கிரகோரி தம் பிரசங்கமொன்றில் இந்த இருவரையும், பெத்தானியா மரியாளையும் சேர்த்து ஒரே பெண்ணாக்கினார். அன்றிலிருந்து அவள் விபசாரி. கத்தோலிக்கத் திருச்சபை தன் வழிபாட்டு நாட்காட்டியில் இந்தக் குழப்பத்தைச் சரிசெய்தது 1969இல். உயிர்த்தெழுதலின் முதல் சாட்சி என்று யோவான் காட்டுகிற ஒரு பெண், 1300 வருஷத்துக்கு மேலாக மனந்திரும்பிய வேசியாகவே வாசிக்கப்பட்டாள். பிரதியில் இல்லாத ஒன்று பிரதியில் இருப்பதை மறைத்துவிட்டது. இந்த இடத்தில்தான் எனக்கு அக்கறை.

தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்குப் பாடபேதம் என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. உ.வே.சா. ஓலைச்சுவடிகளை ஒப்பிட்டு அடிக்குறிப்பில் போட்ட பாடபேதங்களால் சங்க இலக்கியத்தின் மதிப்பு குறைந்துபோகவில்லை. பைபிளுக்கும் பாடபேதம் உண்டு என்றால் மட்டும் சபையில் முகம் சுளிக்கிறார்கள். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் சுவடிகளில் மாற்கு 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. பெண்கள் பயந்து ஓடிப்போகிறார்கள், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, முடிந்தது. பாம்பை எடுத்தாலும் விஷத்தைக் குடித்தாலும் ஒன்றும் ஆகாது என்ற பகுதி பிறகு சேர்ந்தது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிச் சபைகள் சிலவற்றில் இந்த வரிகளை நம்பி ஆராதனையில் விஷப்பாம்பைக் கையில் பிடித்துச் செத்தவர்கள் இருக்கிறார்கள். பாடபேதம் வெறும் பண்டித விளையாட்டு என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

யோவானின் முதல் நிருபம் 5:7 இன்னொரு கதை. பரலோகத்தில் சாட்சி சொல்கிற மூவரைப் பற்றிய அந்த வாக்கியம் பழைய கிரேக்கச் சுவடிகளில் இல்லை. எராஸ்மஸ் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பியதும் 1522இல் சேர்த்தார். அங்கிருந்து 1611இன் ஆங்கில பைபிளுக்குப் போனது. நம்மூர்ச் சபைகளில் புழங்குகிற தமிழ் வேதாகமத்திலும் ஒரு குறிப்புகூட இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. திரித்துவம் சரியா தவறா என்பது என் பிரச்சினை இல்லை. 'ஒரு எழுத்துகூட மாறாத புத்தகம்' என்ற பேச்சுதான் பிரச்சினை. எத்தனை புத்தகம் சேர்ந்தது பைபிள் என்பதிலேயே ஒற்றுமை இல்லையே. பிராட்டஸ்டண்டுகளுக்கு 66, கத்தோலிக்கருக்கு 73, எத்தியோப்பியத் திருச்சபைக்கு அதற்கும் மேல்.

தமிழுக்கு வருவோம். சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. பிறகு பெப்ரீஷியுஸ், அப்புறம் பாளையங்கோட்டை ரேனியஸ், யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் (அவருக்குத் துணை நின்றவர் ஆறுமுக நாவலர் என்பது நம் சைவ அன்பர்கள் அதிகம் பேசாத செய்தி), கடைசியில் 1871இல் பவர் தலைமையில் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு. இன்று பெந்தெகொஸ்தே கன்வென்ஷன் பந்தலில் உயர்த்திப் பிடிக்கப்படுவது இந்தக் கடைசிப் பிரதிதான். அதன் மணிப்பிரவாள வாடையே பரிசுத்தத்தின் வாசனையாகிவிட்டது. 20ஆம் நூற்றாண்டில் லார்சன் முதலானோர் செய்த திருத்தம் சபைகளில் எடுபடவில்லை. கத்தோலிக்கரும் பிராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பைப் பல பிராட்டஸ்டண்டு சபைகள் பீடத்தில் ஏற்றவில்லை. 'அது வேற வேதம்' என்று சொல்வதை நான் காதால் கேட்டிருக்கிறேன்.

இந்தப் பதற்றம் புதிதல்ல. 1829இல் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார், 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய அதே சாஸ்திரியார், புதிதாக வந்த மிஷனரிகள் செய்த நான்கு கொடுமைகள் என்று பட்டியல் போட்டார். ஒன்று, பெப்ரீஷியுஸின் வேதத்தைத் திருத்துகிறார்கள். இரண்டு, சாதி வித்தியாசம் பாராமல் எல்லாரையும் ஒன்றாகச் சேரச் சொல்கிறார்கள். மூன்று, பண்டிகையிலும் கல்யாணத்திலும் சாவிலும் பூமாலை கூடாது என்கிறார்கள். நான்கு, கோயிலில் தமிழ்ப் பாட்டையும் இசையையும் நிறுத்துகிறார்கள். நமது பின்காலனியச் சொல்லாடல்காரர்களுக்குப் பூவும் பாட்டும் மிகவும் பிடிக்கும். வெள்ளைக்காரக் கலாச்சார அதிகாரத்துக்கு எதிரான சுதேசிக் குரல் என்று எழுதிவிடலாம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் பூ, பாட்டு, வேதம், சாதி நான்கும் ஒரே மூச்சில் ஒரே மனிதரிடமிருந்து வருகின்றனவே, அதை என்ன செய்வது? இரண்டாவதை மட்டும் கத்தரித்துவிட்டு மற்ற மூன்றைக் கொண்டாடுவது வசதியான வாசிப்பு. வேதத்தின் சொல் மாறக்கூடாது என்பதும், கோயிலில் உட்காரும் இடம் மாறக்கூடாது என்பதும் வேளாளக் கிறிஸ்தவருக்கு ஒரே காரியமாகத்தான் தெரிந்திருக்கிறது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாதென்று சுற்றறிக்கை விட்டபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். யாரும் விசுவாசத்தை விட்டு வெளியேறவில்லை; பெஞ்சை விட்டுத்தான் வெளியேறினார்கள்.

சொல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடக் கூர்மையான உதாரணம் ஒன்று உண்டு. கிரேக்கத்தில் 'தூலோஸ்' என்றால் அடிமை. காசுக்கு வாங்கி விற்கப்படுகிற ஆள். ஐக்கிய மொழிபெயர்ப்பில் கலாத்தியர் 3ஆம் அதிகாரத்தில், கிறிஸ்துவுக்குள் ஏற்றத்தாழ்வு இல்லை என்று பவுல் சொல்கிற இடத்தில், இந்தச் சொல் 'அடிமை' என்றே வருகிறது. பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தில், ஓடிவந்த ஒநேசிமுவைச் சகோதரனாக ஏற்றுக்கொள் என்கிற இடத்திலும் 'அடிமை'தான். ஆனால் எபேசியர் 6இலும் கொலோசெயர் 3இலும், எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று சொல்லப்படுகிற இடத்தில், அதே கிரேக்கச் சொல் 'வேலைக்காரர்' ஆகிவிடுகிறது. பவர் ஐயர் திட்டமிட்டுச் சதி செய்தார் என்று நான் சொல்லவில்லை. 1611இன் ஆங்கிலமும் இந்த இடங்களில் வேலைக்காரர் என்ற பொருளில்தான் போகிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். 'அடிமைகளே' என்று இருந்திருந்தால், இது ரோம சாம்ராஜ்யத்துச் சங்கதி, நமக்கு எதற்கு என்று கேட்பவருக்குத் தோன்றியிருக்கும். 'வேலைக்காரரே' என்று வாசித்ததும் முன்வரிசையில் இருக்கிற பண்ணையார் நிமிர்ந்து உட்காருகிறார், பின்வரிசையில் இருக்கிற கூலிக்காரர் தலை குனிகிறார். சமத்துவம் அடிமைக்கு, அவன் இன்று இல்லை. கீழ்ப்படிதல் வேலைக்காரனுக்கு, அவன் இதோ இருக்கிறான். அதே எபேசியரில் சில வரி தள்ளி, எஜமான்களே, மிரட்டுவதை விடுங்கள் என்று இருக்கிறது. அந்த வரிவரைக்கும் பிரசங்கம் நீண்டு நான் பார்த்ததில்லை. 1995இன் பொது மொழிபெயர்ப்பு எபேசியரிலும் 'அடிமைகளே' என்றே போட்டது. அந்தப் புத்தகம் ஏன் 'வேற வேதம்' ஆனது என்பதற்கு இது ஒரு காரணமாக இல்லாமல் போகலாம். ஆனாலும் கவனிக்க வேண்டியது.

இந்தக் கத்தரிப்பை வெளிப்படையாகவே செய்தவர்களும் உண்டு. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின அடிமைகளுக்கென்று 1807இல் லண்டனில் ஒரு பைபிள் அச்சிட்டார்கள். அதில் யோசேப்பு அடிமையாக விற்கப்பட்ட கதை இருந்தது. இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையாகி வெளியேறிய கதை இல்லை. தென்னாப்பிரிக்க நிறவெறி அரசு ரோமர் 13ஐக் காட்டிக் கீழ்ப்படியச் சொன்னதையும், அந்த வாசிப்பை அந்நாட்டுக் கிறிஸ்தவர்களே 1985இல் கைரோஸ் ஆவணத்தில் கிழித்துப் போட்டதையும் தோழர்கள் அறிவார்கள்.

இதற்கு நேரெதிர்த் திசையிலிருந்தும் ஒரு தவறான எண்ணம் வருகிறது; அதைப் பரப்புகிறவர்களில் நல்லவர்களும் உண்டு. 'வேதத்தில் சாதி இல்லை, அதனால கிறிஸ்தவத்தில சாதி இல்லை.' முதல் பாதி சரி. இரண்டாம் பாதிக்கு வடக்கன்குளத்துக்காரர்களிடம் பதில் கேட்க வேண்டும். அங்கே 1872இல் கட்டிய கோயிலில் வேளாளரையும் நாடாரையும் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் உடைந்தது. தலித்துகளுக்குத் தனிக் கல்லறை வைத்திருக்கிற ஊர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிரதியில் இல்லாததால் உலகத்திலும் இல்லை என்கிற இந்த வாதம் அரசாங்கத்துக்கும் வசதியாகிவிட்டது. 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் வெளியே. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த ஒரு கிறிஸ்தவத் தொழிலாளிக்கு, இந்துத் தொழிலாளிகளுக்குக் கிடைத்த இலவசப் பெட்டிக்கடை மறுக்கப்பட்டது. 1985இல் உச்சநீதிமன்றம், மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, புதிய மதத்துக்குள்ளும் அதே கடுமையோடு இழிவு தொடர்கிறது என்று காட்ட வேண்டும் என்றது. காட்டுவதற்குச் சான்று வேண்டும். சான்று சொல்ல வேண்டிய சபையோ, 'எங்க வேதத்தில சாதி இல்ல' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

இனி விசுவாசம். சமஸ்கிருதத்தில் 'விஸ்வாஸ' என்றால் நம்பிக்கை. தமிழில் அது நடந்து நடந்து வேறெங்கோ போய்விட்டது. கட்சித் தலைவருக்கு விசுவாசி, முதலாளிக்கு விசுவாசமான ஆள், விசுவாசமுள்ள நாய். மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவர் காட்டுவது விசுவாசம். முதலாளி தொழிலாளிக்கு விசுவாசமாக இருந்தார் என்று யாரும் எழுதுவதில்லை. இந்தத் தெருப் பொருள் கோயிலுக்குள்ளும் நுழைந்து, கேள்வி கேட்காமல் இருப்பதே விசுவாசம் என்றாகிவிட்டது. கிரேக்க 'பிஸ்டிஸ்' இப்படி ஒருவழிப் பாதை அல்ல. நம்பகம், வாக்குத் தவறாமை, இரு தரப்பையும் கட்டுவது. அரிஸ்டாட்டிலிடம் போனால் கேட்பவரை ஒப்புக்கொள்ள வைக்கிற ஆதாரத்துக்கே அந்தப் பெயர்.

பைபிளுக்குள் தேடினாலும் கேள்வி கேளாத விசுவாசிகள் குறைவுதான். ஆபிரகாம் சோதோமுக்காகக் கடவுளோடு சந்தைக்கடை மாதிரி பேரம் பேசுகிறான், ஐம்பது நீதிமானில் தொடங்கிப் பத்துவரை இறக்குகிறான். பிரசங்கங்களில் வருவது இந்த ஆபிரகாம் அல்ல, மகனை வெட்டப் பேசாமல் மலையேறுகிற ஆபிரகாம். யோபு கடவுளை வழக்குக்கு இழுக்கிறான். கடவுளுக்கு வக்காலத்து வாங்கிய சிநேகிதர்களை விட யோபுதான் சரியாகப் பேசினான் என்று கடைசியில் கடவுளே சொல்லிவிடுகிறார்.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது மத்தேயு 15இலும் மாற்கு 7இலும் வருகிற அந்நிய இனத்துப் பெண். மகளைக் குணமாக்கச் சொல்லி வருகிறாள். பிள்ளைகளின் அப்பத்தை நாய்க்குட்டிகளுக்குப் போடலாமா என்று கேட்கிறார் இயேசு. நாய் என்ற சொல் தன் மீதுதான் விழுகிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் அழவில்லை, திரும்பிப் போகவுமில்லை. மேஜைக்குக் கீழே விழுகிற துணுக்குகளை நாய்களும் தின்கின்றனவே என்று பதில் வைக்கிறாள். மத்தேயுவில் இயேசு அவளுடைய விசுவாசம் பெரியது என்கிறார். நாயையும் விசுவாசத்தையும் சேர்த்தே யோசித்துப் பழகிய தமிழ்க் காதுக்கு இந்த இடம் தடுக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பிரசங்கங்களிலோ தாழ்மைக்கு உதாரணமாகச் சறுக்கிக்கொண்டு போய்விடுகிறது. மாற்கில் விசுவாசம் என்ற சொல்லே அந்த இடத்தில் இல்லை. அவள் சொன்ன அந்த வார்த்தைக்காகவே மகள் குணமானாள் என்றுதான் அங்கே இருக்கிறது.