சொட்டுகிற வால்வை அடைக்காதீர்கள்

தாமலில் ஒரு வீட்டுக்கு ஹீட்டர் எடுக்க வேண்டுமென்றால் காஞ்சிபுரம் கடைத்தெருவுக்குத்தான் போவார்கள். அங்கே பேச்செல்லாம் எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார், எவ்வளவு தள்ளுபடி என்பதோடு முடிந்துவிடும். வீட்டில் என்ன தண்ணீர் என்று விற்பவரும் கேட்பதில்லை, வாங்குபவரும் சொல்வதில்லை. சில வருடங்களில் டேங்க் ஒழுகும்போது வருகிற சர்வீஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான். "போர் தண்ணியா? அப்ப வாரன்டியில வராதுங்க."

காஞ்சிபுரத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர்களிடம் இந்த அலட்சியம் செல்லாது. கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோகும், பட்டின் பசை சரியாக எடுபடாது. தண்ணீரைப் பார்த்துத்தான் அவர்கள் வேலையைத் தொடங்குவார்கள். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து ஹீட்டர் வாங்குகிறவருக்கும் அந்தக் கவனம் வேண்டும்.

'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க்' என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. எந்த ரகம் என்று கேளுங்கள். 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 316 ரகத்தில் மாலிப்டினமும் சேர்வதால் உப்பை அது இன்னும் நன்றாகத் தாங்கும். விலை குறைந்த 200 வரிசை ரகங்களில் நிக்கல் குறைவு. பாத்திரக் கடையில் செய்வதுபோலக் காந்தத்தை ஒட்டிப் பார்ப்பது இங்கே உதவாது. மலிவான 202-இலும் காந்தம் ஒட்டாது. வெந்நீர் டேங்குக்கென்றே பயன்படும் 444 என்ற நல்ல ரகத்திலோ ஒட்டும்! எந்த ஸ்டீலானாலும் அதற்குப் பகை தண்ணீரிலுள்ள குளோரைடு. சூடு 60 டிகிரியைத் தாண்டினால் அதன் வேகம் கூடும், வெல்டிங் வைத்த இடத்தில்தான் முதலில் அரிக்கும். தெர்மோஸ்டாட்டை 50, 55 டிகிரியில் வைத்தால் டேங்கும் நிலைக்கும், கரன்ட் பில்லும் குறையும்.

போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம், கடினத்தன்மை 200, கரைந்த உப்பு 500 என்பவை குடிநீருக்கான இந்தியத் தரம் 10500 சொல்லும் ஏற்கத்தக்க அளவுகள். அதைவிட வெகுவாகக் கூடினால், கண்ணாடிப் பூச்சும் மெக்னீசியம் கம்பியும் உள்ள டேங்கையும் விசாரியுங்கள். அந்தக் கம்பி டேங்குக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகும். கரைந்ததும் மாற்ற வேண்டும். முடிவெடுப்பதற்கு முன் வாரன்டி அட்டையைக் கடையிலேயே பிரித்துப் படியுங்கள். தண்ணீர் பற்றிய நிபந்தனை ஏதேனும் அதில் இருந்தால், "எங்க தண்ணிக்கு இது தாங்கும்னு பில்லுல எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். எழுத மறுத்தால் அதுவே பதில்.

மாட்டுவதில்தான் உயிர் ஆபத்து இருக்கிறது. 25 லிட்டர் தண்ணீர் 27 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாகும்போது கிட்டத்தட்ட 400 மில்லி பெருகும். மாடித் தொட்டிக்குத் திரும்ப வழியில்லாமல் நான்-ரிட்டர்ன் வால்வு தடுத்தால், அது சேஃப்டி வால்வு வழியாகச் சொட்டித்தான் ஆக வேண்டும். அது கோளாறு அல்ல. ஆனால் "சொட்டிக்கிட்டே இருக்குதுங்க" என்று வீட்டார் சலித்துக்கொள்ள, பிளம்பர் ஒருவர் எம்-சீல் வைத்து அடைத்துவிட்டுப் போவார். அதன்பின் தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒருசேரப் பழுதானால் டேங்க் வெடிக்கும். சொட்டுகிற இடத்தில் சின்ன ஹோஸைப் பொருத்தி வடிகாலுக்கு விடுங்கள். வெந்நீர்ப் பாதைக்கு சாதா பிவிசி குழாய் ஆகாது, சிபிவிசி வேண்டும். தண்ணீரோடு சேர்ந்தால் 25 லிட்டர் ஹீட்டர் 35 கிலோ அளவுக்கு வரும். பழைய ஓட்டு வீட்டு மண்சுவரை நம்பி ஆணியடிக்காதீர்கள்.

2,000 வாட் ஹீட்டருக்குத் தனி லைன், 16 ஆம்பியர் பிளக், உண்மையில் வேலை செய்கிற எர்த், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஆகியவை கட்டாயம். எம்சிபி மட்டும் இருந்தால் வயர் தப்பும், ஆள் தப்பமாட்டார். கேஸ் கீசர் என்றால் பாத்ரூமுக்கு வெளியே மாட்டுங்கள். மூடிய அறையில் அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

மின் வாட்டர் ஹீட்டருக்கும் வாளியில் போடும் ராடுக்கும் ஐஎஸ்ஐ முத்திரை சட்டப்படி கட்டாயம். அதிலும் போலி உண்டு. 2025 மார்ச்சில் டெல்லியில் அமேசான் நிறுவனக் கிடங்கில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் சோதனையிட்டு, ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத அல்லது போலி முத்திரையிட்ட 3,500-க்கும் மேற்பட்ட மின்பொருள்களைப் பிடித்தது. அவற்றில் கீசர்களும் இருந்தன. முத்திரையோடு இருக்கும் சிஎம்/எல் உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உற்பத்தியாளர் பெயர் வரும். வராவிட்டால் வாங்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒழுகினால்? பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகம், ஆகவே பில்லோடு வாங்கியிருப்பீர்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, கடை எங்கிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஆன்லைனிலும் போடலாம். குறை ஏற்பட்டதிலிருந்து 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். வாங்கும்போது வாய் திறக்காத நிபந்தனையைப் பின்னால் காட்டினால், அதை எதிர்த்து வாதாட இடமுண்டு. தண்ணீர்ச் சோதனை அறிக்கை அப்போது கைகொடுக்கும். ஒழுகிய டேங்கை மட்டும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்; ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிடலாம்.