நெல் போகும் வழியும் பணம் திரும்பும் வழியும்

பழைய தஞ்சை ஜில்லா என்று இன்னமும் நாம் வாய்ப்பழக்கமாகச் சொல்லிவரும் பிரதேசம், 1991இல் நாகப்பட்டினமும், 1997இல் திருவாரூரும், 2020இல் மயிலாடுதுறையும் தனித்தனி மாவட்டங்களாகப் பிரிந்துபோன பிற்பாடும், ஜீவனத்தில் ஒன்றாகவே இருந்துவருகிறது. குறுவையும் சம்பாவும் தாளடியுமாக அங்கே விளையும் நெல்லில் பெரும்பகுதியை இக்காலத்தில் வாங்குகிறவர் வியாபாரி அல்லர், அரசாங்கமே. அறுவடை முடிந்ததும் களத்துமேட்டிலோ சாலையோரத்திலோ நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கொள்முதல் நிலையம் திறக்கிறது. நெல்லைத் தூற்றி, ஈரப்பதம் பார்த்து, 40 கிலோ சிப்பமாகத் தைத்துக்கொண்டு, பணத்தை விவசாயியின் வங்கிக் கணக்கில் போடுகிறது. அந்தப் பணம் நடவுக் கூலி, அறுவடை மிஷின் வாடகை, உரக்கடைப் பாக்கி என்று பல கைகள் மாறியபின், அதில் ஒரு பாகம், சாயங்கால வேளையில், அதே அரசாங்கத்தின் வேறொரு ஸ்தாபனமாகிய மாநில வாணிபக் கழகத்தின், ஊரார் சொல்வதுபோலச் சொன்னால் டாஸ்மாக்கின், கம்பி ஜன்னலுக்குள் நுழைந்து கஜானாவுக்கே திரும்பிவிடுகிறது. விளைவித்தவருக்குக் கொடுப்பதும் குடிப்பவரிடம் வாங்குவதும் ஒரே எஜமானனாக அமைந்த இந்த விசித்திரமான ஏற்பாடு எப்படி நேர்ந்தது, சென்னையில் எழுதப்படும் விதிகள் காவிரிக் கரைக்கு வந்து சேரும்போது என்ன ஆகின்றன என்பவை விசாரிக்கத் தகுந்த விஷயங்கள்.

தமிழ்நாட்டில் இன்று மது விற்பனை நடப்பது, கேட்பவருக்கு ஆச்சரியமாக இருக்கலாம், 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தின்கீழ்தான். ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்தபோது, அவ்வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் முதன்முதலாக அமலான அச்சட்டம், 1948இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் கருணாநிதி அரசாங்கம் அதை நிறுத்திவைத்தது, 1974இல் அதே அரசாங்கம் மீண்டும் உயிர்ப்பித்தது, 1981இல் எம்.ஜி.ஆர். கள்ளுக்கடையையும் சாராயக்கடையையும் திறந்தார். 1987 தொடக்கத்தில் அவரே மூடினார். 1990இல் மலிவு விலை மது வந்து 1991இல் போயிற்று. இத்தனை திறப்புக்கும் மூடலுக்கும் இடையில் மூலச் சட்டத்தை ரத்து செய்ய யாரும் துணியவில்லை. சீமைச் சரக்கு என்று ஜனங்கள் சொல்லும் பிராந்தி, விஸ்கி வகைகளின் மொத்த வியாபாரத்துக்காக 1983இல் தோன்றிய டாஸ்மாக், இருபது வருஷ காலம் தனியார் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் கிடங்காகவே இருந்தது. ஏலத்தில் கடை எடுப்பவர்கள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு அரசாங்கத்துக்கு வரவேண்டியதைக் குறைக்கிறார்கள் என்ற காரணத்தைக் காட்டி, 2003 நவம்பர் 29ஆம் தேதி முதல் சில்லறை விற்பனையையும் ஜெயலலிதா அரசாங்கம் அந்தக் கழகத்துக்கே ஏகபோகமாக்கியது. விலக்கும் சட்டத்துக்குள்ளேயே ஒரு விலக்கு வைத்து விற்பனை நடக்கிறது.

ராஜாஜியின் மதுவிலக்கால் கள், சாராய வருமானம் போய்விடவே, அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939இல் அவர் கொண்டுவந்தது பொது விற்பனை வரி. மதுவை ஒழிப்பதற்காகப் பிறந்த அந்த வரியின் வாரிசாகிய மதிப்புக் கூட்டு வரிதான் இன்று மதுவின்மீது மிக அதிகமாக வசூலாகிறது. 2023-24ஆம் வருஷத்தில் டாஸ்மாக் மூலம் அரசாங்கத்துக்குக் கிடைத்த ஏறத்தாழ 45,856 கோடி ரூபாயில், ஆயத்தீர்வையாக வந்தது 10,774 கோடி. மிச்சம் 35,081 கோடிக்கு மேல் மதிப்புக் கூட்டு வரி. அடுத்த வருஷம் மொத்தம் 48,344 கோடியாக ஏறிற்று. சில்லறை வியாபாரம் தொடங்கிய 2003-04இல் இது 3,639 கோடியாக இருந்ததை வைத்துக்கொண்டு, குடி பதின்மூன்று மடங்காகிவிட்டது என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. அது நியாயமான கணக்கல்ல. 2022 மார்ச்சிலும் 2024 பிப்ரவரியிலும் செய்ததுபோல அவ்வப்போது குவார்ட்டருக்கு 10 ரூபாய், 20 ரூபாய் என்று விலையை உயர்த்தி வந்ததும் அதில் அடக்கம். ஆயினும், 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் ராஜ்யங்கள் தம் இஷ்டப்படி விகிதம் நிர்ணயிக்கக்கூடிய பெரிய இனங்களாக எஞ்சியவை பெட்ரோலியப் பொருள்களும் மதுவுமே என்பதை நினைத்தால், எந்தக் கட்சி பதவிக்கு வந்தாலும் இந்த ஜன்னலை அடைக்க ஏன் தயங்குகிறது என்பது விளங்கிவிடும்.

இனி விதிகள். கடை திறப்பது பகல் 12 மணி, மூடுவது இரவு 10 மணி. 2016 மே மாதம் வரை காலை 10 மணிக்கே திறந்துகொண்டிருந்தார்கள். 21 வயது நிரம்பாதவருக்கு விற்கலாகாது. திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வடலூர் வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாது நபி, காந்தி ஜயந்தி ஆகிய 8 நாட்கள் விடுமுறை. மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் 50 மீட்டர், ஏனைய இடங்களில் 100 மீட்டர் தள்ளித்தான் கடை அமையவேண்டும்; ஆனால் நகரமைப்புத் திட்டத்தில் வணிகப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடத்துக்கு இந்தத் தூரக் கணக்கு கிடையாது. எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு கோபுரம் தென்படும் கும்பகோணத்தில், அந்த ஒரு விதிவிலக்கு இல்லாவிட்டால் கடைக்கு இடம் தேடும் அதிகாரிகள் வெகு சிரமப்பட்டிருப்பார்கள்.

தூரத்தைப் பற்றிய விதிகளில் டெல்டாவின் கிராமப்புறத்தை உண்மையில் புரட்டிப்போட்டது தமிழக அரசாங்கம் எழுதியதல்ல. வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கலாகாது என்று 2016 டிசம்பர் 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜனத்தொகை 20,000க்கு உட்பட்ட ஊர்களுக்கு அந்தத் தூரம் பின்னர் 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 2017 ஏப்ரல் முதல் தேதி தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் ஒரே இரவில் மூடின. லாரி ஓட்டுகிறவர் வழியில் நிறுத்திக் குடிப்பதைத் தடுக்கவேண்டும் என்ற நோக்கம் உத்தமமானது. அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் காவிரிப் படுகையில் சாலையை விட்டு 220 மீட்டர் உள்ளே போனால் இருப்பது என்ன? வயல், வயலுக்கு நடுவே ஒரு வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் ஒரு குடியிருப்பு. மூடிய கடைகளில் பல அங்கேதான் போய்ச் சேர்ந்தன. மண்ணடித்து மேடாக்கிய ஒரு மனைக்கட்டு, தகரக் கூரை, இரும்புக் கம்பி ஜன்னல், அதில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. பக்கத்தில் சுண்டலும் அவித்த முட்டையும் பிளாஸ்டிக் டம்ளரும் தண்ணீர் பாக்கெட்டும் விற்கும் ஒரு கீற்றுக் கொட்டகை. அதுவரை மாட்டுவண்டியும் டிராக்டரும் மட்டும் போய்வந்த வரப்புப் பாதையில் இருட்டும்வரை மோட்டார் சைக்கிள் வரிசை. சாலையோரத்தில் கடை இருந்தவரை அந்தப் பக்கம் பார்க்காமல் பஸ் ஏறிப் போய்விடக்கூடிய பெண்பிள்ளைகள், தங்கள் ஊர்ப் பாதையிலேயே அதைத் தாண்டி நடக்கவேண்டியதாயிற்று. அந்த வருஷம் தமிழ்நாடு முழுவதும் பெண்கள் கூட்டங்கூட்டமாகக் கடை வாசலில் வந்து உட்கார்ந்ததற்கு இதுவே பிரதான காரணம். 2017 ஜூலையில் நகர எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று நீதிமன்றம் விளக்கம் சொல்லியபின் பட்டணத்துக் கடைகள் பழைய இடத்துக்குத் திரும்ப வழி பிறந்தது. கிராமத்துக்கு அந்த விளக்கத்தால் பிரயோஜனம் இல்லை.

ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் வேறு மடை தேடும் என்பது பாசனம் அறிந்த நம் ஜனங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மதுவைப் பற்றிய விதிகளில் அநேகம், என் அபிப்பிராயத்தில், குடிப்பவரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்த்தினவே ஒழியக் குடியைக் குறைக்கவில்லை. 2021இல் இது கண்கூடாகத் தெரிந்தது. கொரோனாவின் இரண்டாம் அலைக்காக மூடப்பட்ட கடைகள் ஜூன் 14ஆம் தேதி 27 மாவட்டங்களில் திறந்தபோது, தொற்று அதிகம் என்று நிறுத்திவைக்கப்பட்ட 11 மாவட்டங்களில் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய நான்கும் அடங்கியிருந்தன. கொள்ளிடத்துக்கு அக்கரையில் அரியலூர் மாவட்டத்தில் கடை திறந்திருக்கிறது, இக்கரையில் இல்லை. ஆற்றுக்குப் பாலம் இருக்கிறது. பிறகு நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. ஜூலை 5ஆம் தேதிதான் இக்கரையிலும் திறந்தார்கள்.

கொள்ளிடமாவது மூன்று வாரத் தொல்லை. கிழக்கே காரைக்கால் நிரந்தரமானது. நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களால் மூன்று பக்கமும் சூழப்பட்டு, நாலாம் பக்கம் கடலாக நிற்கும் அந்தச் சிறு பகுதி புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. அங்கே மதுவிலக்குச் சட்டம் இல்லை, ஆயத்தீர்வைச் சட்டம்தான். வரி குறைவாதலால் அதே பாட்டில் மலிவு. தமிழ்நாட்டில் 1987 முதல் மூடிக்கிடக்கும் கள்ளுக்கடை அங்கே ஏலம் போகிறது. அரசாங்கத்தின் வடிசாலையிலிருந்து வரும் சாராயமும் கடையில் சட்டப்படியே கிடைக்கிறது. நாகூரைத் தாண்டி வாஞ்சூர் எல்லையை மிதித்தால் போதும். ஆகையால் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் சோதனைச் சாவடிகள் அந்த எல்லையெங்கும் நிற்கின்றன. ஆறும் வாய்க்காலுமாகப் பின்னிக் கிடக்கும் பூமியில் எந்தச் சாவடியும் முழு எல்லையையும் காவல் காத்துவிட முடியாது என்பது சாவடியில் நிற்பவர்களுக்கே தெரியும். விலை உயரும்போதெல்லாம் கஜானாவின் வருமானம் கூடுவதோடு, காரைக்காலிலிருந்து சரக்கு கடத்துகிறவரின் லாபமும் கூடிவிடுகிறது.

கள் பற்றியும் ஒரு வார்த்தை. தென்னந்தோப்பு மிகுந்த பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில், கரும்பாலைக் கழிவுப்பாகில் வடித்த எரிசாராயத்துக்கு நிறமும் மணமும் ஏற்றி அரசாங்கமே விற்கலாம், மரத்தில் சுரப்பதை இறக்கினால் மட்டும் குற்றமா என்ற கேள்வியைத் தோப்புக்காரர்கள் கேட்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா, மரத்தை வெட்டாமலும் கள்ளிறக்காமலும் பதநீரை வெல்லமாக்கிவிடலாம் என்று சலியாமல் பிரசாரம் செய்தார். அந்த மத்திய மார்க்கத்தை அன்றும் இன்றும் யாரும் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

நேர விதியின் கதி என்ன என்பதை 2023 மே மாதம் தஞ்சாவூர் நகரமே பார்த்தது. கீழவாசலில் ஒரு மதுக்கடையை ஒட்டிய பாரில், கடை திறக்கும் வேளைக்கு முன்பே மது வாங்கிக் குடித்த இருவர் இறந்துபோனார்கள். பரிசோதனையில் சயனைடு இருந்தது தெரியவந்தது. அதே மாதம் மரக்காணத்திலும், மறு வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் பலரைக் கொன்றது. கள்ளக்குறிச்சியில் மட்டும் மாண்டவர்கள் 60 பேருக்கு மேல். அதன்பின் 1937ஆம் வருஷத்துச் சட்டத்தைத் திருத்தி, விஷச் சாராயத்தால் மரணம் நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்க வகைசெய்தார்கள்.

வியாபாரத்தின் போக்கு சில வருஷங்களாக மாறிவருகிறது. கடைகளின் எண்ணிக்கை குறைகிறது: 2016லும் 2017லும் ஐந்நூறு ஐந்நூறாகவும், 2023 ஜூனில் மேலும் 500ம் மூடியபின் 4,829 மிஞ்சின. மறுபக்கம், உறுப்பினருக்கு மட்டும் என்ற பெயரில் மனமகிழ் மன்றங்கள் பெருகுகின்றன. 2023இல் கல்யாண மண்டபத்திலும் விளையாட்டு மைதானத்திலும் மது பரிமாற அனுமதி தரும் அறிவிக்கை ஒன்று வெளியாகி, எதிர்ப்புக் கிளம்பியதும் அவசரமாகச் சுருக்கப்பட்டது. வடக்கே விஸ்கியும் இங்கே பிராந்தியும் என்ற ருசி பேதம் மட்டும் மாறவில்லை. குவார்ட்டருக்கு அச்சிட்ட விலைக்குமேல் 10 ரூபாய் வாங்குவது தமிழ்நாடெங்கும் தீராத புகார். அதைத் தடுக்க ஒவ்வொரு பாட்டிலையும் ஸ்கேன் செய்து ரசீது தரும் கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன. தொகுப்பூதியத்தில் வேலைசெய்யும் 23,000க்கும் மேற்பட்ட ஊழியர்களோ, உடைந்த பாட்டில் நஷ்டமும் கரண்டு செலவும் யார் தலையில் விழுகிறது என்று எதிர்க்கேள்வி போடுகிறார்கள்.

விவசாயிக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது காலிப் பாட்டில். வரப்பில் உட்கார்ந்து குடித்தவர் விட்டெறிந்த பாட்டில் புழுதியில் கிடக்கும்வரை கண்ணுக்குத் தெரியும்; தண்ணீர் விட்டுச் சேற்றுழவு ஓட்டி, டிராக்டரின் இரும்புச் சக்கரத்தில் அது நொறுங்கியபின் தெரியாது. நடவாட்கள் வெறுங்காலோடுதான் இறங்குகிறார்கள். சேற்றுக்குள் அறுபட்ட காலோடு அன்றைய கூலியும், பல சமயம் அந்த நடவுப் பருவத்தின் கூலியும் போயிற்று. 2022 மே மாதம், நீலகிரியில் யானை முதலிய விலங்குகளின் கால்களை உடைந்த பாட்டில்கள் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்ததன் பேரில், பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலியைத் திருப்பித் தந்தால் அந்தத் தொகையைத் திருப்பித் தரும் ஏற்பாடு அங்கே ஆரம்பமாயிற்று. பிற்பாடு திருவாரூர், நாகப்பட்டினம் உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் அது வந்திருக்கிறது. மேலே சொன்ன விதிகளுக்குள், குடிக்காதவருக்கு நேரடியாக உபகாரம் செய்வது இது ஒன்றே என்று சொல்லிவிடலாம். ஸ்டிக்கர் ஒட்டவும் காலியை எண்ணி வாங்கவும் தனி ஆள் இல்லை, அடுக்கிவைக்க இடமும் இல்லை என்று கடை ஊழியர்கள் ஆட்சேபிக்கிறார்கள். வயலோரக் கடைகளுக்காவது ஒரு கொட்டகையும் ஓர் ஆளும் கொடுப்பதற்கு, 48,344 கோடியில் இடமில்லாமல் போகாது. அதைக் குறுவை நடவுக்கு முன்பே செய்யவேண்டும்.