உங்களுக்குத் தெரியுமா? தடையைத் தாண்டிய ஜப்பான் மெஷின்கள்!

லேத் பட்டறையில் சிஎன்சி மெஷின் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் ஒளிந்திருக்கும் அரசியல் தெரியுமா?

1987. அமெரிக்க நாடாளுமன்றப் புல்வெளியில் எம்.பி.க்களே சம்மட்டியால் ஒரு ரேடியோவைப் போட்டு உடைத்தார்கள். அது தோஷிபா ரேடியோ!

ரேடியோ என்ன பாவம் செய்தது? ஒன்றுமில்லை! தோஷிபா குடும்பத்துக் கம்பெனியான தோஷிபா மெஷின், கப்பல் புரொப்பல்லர் கடையும் மெஷின்களை ஏற்றுமதித் தடையை மீறி சோவியத் யூனியனுக்கு விற்றுவிட்டது. அப்படிக் கடைந்த புரொப்பல்லரால் சோவியத் நீர்மூழ்கிகள் சத்தமில்லாமல் ஓடுமே என்று அமெரிக்காவுக்குப் பதற்றம். அவற்றில் சில மெஷின்களுக்கு அச்சுகள் எத்தனை? 9!

மாட்டியது துணைக் கம்பெனி. பதவி விலகியதோ தாய்க் கம்பெனியின் சேர்மனும் தலைவரும்!

அதே தோஷிபா மெஷின்தான் 2012-ல் எல் அண்ட் டி-யின் பிளாஸ்டிக் மெஷின் தொழிலை வாங்கிக்கொண்டு சென்னைக்கு வந்தது. ஆலை செம்பரம்பாக்கத்தில். 2020-ல் பெயரையே ஷிபவுரா மெஷின் என்று மாற்றிக்கொண்டார்கள்!

ரேடியோ உடைவதற்கு முன்பே, 1986 டிசம்பரில் இன்னொரு கூத்து. அமெரிக்காவுக்கு இத்தனை மெஷின்தான் அனுப்புவோம் என்று ஜப்பான் 'தானாக முன்வந்து' ஒப்புக்கொண்டது. தானாகவாம், நம்புங்கள்! ஆனால் அமெரிக்காவிலேயே செய்தால் அது இறக்குமதியே இல்லையே? மசாக் கம்பெனி கென்டக்கியில் 1974-லேயே ஆலை போட்டு உட்கார்ந்திருந்தது!

நம்ம கோயம்புத்தூர் மட்டும் சளைத்ததா? லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் 1988-லேயே ஜப்பானின் மோரி செய்கியோடு கைகோத்து சிஎன்சி மெஷின் செய்ய இறங்கிவிட்டது!

இன்னும் கேளுங்கள். இன்றைய ஜப்பான் மெஷின்கள் பலவற்றைச் சொல்லாமல் இடம் மாற்றினால் தாமே பூட்டிக்கொள்ளும். கம்பெனி ஆள் வந்து திறந்தால்தான் ஓடும். தடை உள்ள நாட்டுக்குக் கடத்திவிடக் கூடாதே!

நாகர்கோவில்காரர்களே, இனிதான் உங்கள் ஊர்க் கதை! இந்த மெஷின்களின் சர்வோ மோட்டாருக்கு வேண்டியது நியோடைமியம் காந்தம். அந்த நியோடைமியம் மோனசைட் என்ற கனிமத்தில் இருக்கிறது. மோனசைட்டோ மணவாளக்குறிச்சி மணலில் கிடக்கிறது! ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அங்கே மணல் ஆலை தொடங்கிய ஆண்டு 1910!

2010-ல் சீனா நியோடைமியம் போன்ற அரிய மண் தனிமங்களைத் தராமல் ஜப்பானைத் தவிக்கவிட்டது. ஜப்பான் எங்கே ஓடியது? இந்தியாவுக்கு! டொயோட்டா குழுமத்தின் ஆலை விசாகப்பட்டினத்தில் எழுந்தது. சரக்கு கொடுத்தது இந்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல். இன்று மணவாளக்குறிச்சி ஆலையை நடத்துவதும் அதே ஐஆர்இஎல்தான்!

2025 ஜூனில் வந்த செய்தி இன்னும் சுவாரசியம். அரிய மண் தனிமங்களை ஜப்பானுக்கு அனுப்புவதை நிறுத்துங்கள் என்று ஐஆர்இஎல்-லிடம் இந்தியாவே கேட்டுக்கொண்டதாம். கைவிட்டுப் போகவிருந்த ஒப்பந்தத்தின் வயது 13!