வெள்ளைக் காக்கை பறக்கத்தான் செய்கிறது

யாராவது கதை அளந்தால், "ஆமாமா, வெள்ளைக் காக்கா மல்லாக்கப் பறக்குது" என்று ஒரே வரியில் வாயை அடைத்துவிடுவது நம் ஊர் வழக்கம். மல்லாக்கப் பறப்பதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் வெள்ளைக் காக்கை உண்டு. வெள்ளைக் குருவி, வெள்ளை மைனா, வெள்ளை நாகம் எல்லாம் உண்டு. இவை ஏன் வெளுத்துப் பிறக்கின்றன என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கதை வரும்.

அந்தக் கதைகளைக் கேட்க நல்ல இடம் மைசூரு. ஈரோட்டிலிருந்தும் கோவையிலிருந்தும் திம்பம் மலைப்பாதையில் ஏறிப் போகும் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் அரண்மனையையும் சாமுண்டி மலையையும் பார்த்துவிட்டுக் கட்டாயம் நிற்கும் இடம் ஸ்ரீ சாமராஜேந்திர விலங்கியல் பூங்கா. பத்தாம் சாமராஜ உடையார் 1892இல் தொடங்கியது. (செவ்வாய்க்கிழமை விடுமுறை, தெரியாமல் போய்த் திரும்பியவர்கள் நிறைய.) அங்கே வெள்ளை மயில் உண்டு, வெள்ளைப் புலி உண்டு. இரண்டு கூண்டின் முன்னும் கூட்டம் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். கூட்டத்தில் விவரம் தெரிந்த ஒருவர், "இது ஆல்பினோ" என்று பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருப்பார். இரண்டுமே ஆல்பினோ இல்லை.

கண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். உடலில் கறுப்பு, பழுப்பு, மஞ்சள் கலந்த சிவப்பு நிறங்களைத் தருவது மெலனின் என்ற நிறமி. டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அதைச் செய்வது, நிறமிச் செல்கள் எனப்படும் தனி வகைச் செல்கள். அந்த வேலையைத் தொடங்கிவைக்கும் நொதிக்கு டைரோசினேஸ் என்று பெயர். இந்த நொதியோ, இந்த வேலைக்குத் தேவையான வேறொரு புரதமோ பழுதாகிவிட்டால், செல்கள் எல்லாம் உரிய இடத்தில் இருந்தும் நிறம் பிறக்காது. தோல், முடி, இறகு, கண் எல்லாமே வெளுத்துவிடும். கண்ணில் நிறமி அறவே இல்லாதபோது உள்ளே ஓடும் ரத்தத்தின் சிவப்பு வெளியே தெரியும். அதுதான் ஆல்பினிசம், தமிழில் நிறமியின்மை; அப்படிப் பிறந்த உயிர்தான் ஆல்பினோ.

மயிலின் கதை வேறு. கரு வளரும்போது முதுகுத் தண்டின் ஓரமாகத் தோன்றும் நிறமிச் செல்கள் அங்கிருந்து நகர்ந்து உடலெங்கும் போய்க் குடியேற வேண்டும். சில உயிர்களில் அந்தப் பயணமே நடப்பதில்லை. இதற்கு லியூசிசம் என்று பெயர். வீட்டுக்கு வர்ணம் அடிக்கும் வேலையோடு ஒப்பிட்டால், நிறமியின்மையில் ஆள் வந்துவிட்டார், வாளியில் பெயின்ட் இல்லை. லியூசிசத்தில் ஆளே வரவில்லை. ஆனால் கண்ணின் விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் நிறமிப் படலம் அந்தப் பயணிகளை நம்பியிருப்பதில்லை; கண் உருவாகும் இடத்திலேயே தானாக உண்டாகிவிடுகிறது. அதனால்தான் மைசூரு மயிலுக்கு உடல் முழுக்க வெள்ளையாக இருந்தும் கண் சிவக்கவில்லை.

மயில் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை. மயில் கழுத்தின் நீலத்துக்கு நீல நிறமி எதுவும் கிடையாது. இறகுக்குள் மெலனின் மிக நுண்ணிய கம்பிகளாக, ஒழுங்கான இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கிறது. அந்த அடுக்கில் பட்டுத் திரும்பும் ஒளிதான் நீலமாகவும் பச்சையாகவும் தெரிகிறது. கர்நாடகத்தின் மாநிலப் பறவையான பனங்காடையின் நீல இறகும் இப்படி அமைப்பினால் வரும் நிறம்தான், சி.வி. ராமன் 1934இல் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். மயிலில் மெலனின் போனால் அடுக்கும் போகும். ஒரே ஒரு கறுப்புப் பொருள் இல்லாமல் போவதால், கறுப்போடு சேர்ந்து நீலம், பச்சை, பொன் எல்லாமே காணாமல் போகின்றன.

பறவைகளின் நிறமாற்றங்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ஹைன் வான் குரோவ், வெள்ளைப் பறவைகள் எல்லாம் ஆல்பினோ அல்ல என்று தலைப்பிலேயே சொல்லி 2006இல் ஒரு கட்டுரை எழுதினார். காரணம் எளியது. உண்மையான ஆல்பினோ குஞ்சுக்குப் பார்வை மங்கல். கூட்டை விட்டு வெளியே வந்த கொஞ்ச நாளிலேயே பெரும்பாலும் செத்துப்போகிறது. வளர்ந்த வெள்ளைக் காக்கை ஒன்று மரத்தில் உட்கார்ந்திருந்தால் அது வேறு வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. பெயின்ட் தீர்ந்ததா, ஆள் வரவில்லையா என்பதைப் பொறுத்துப் பாதிப்பு மாறுகிறது. நிறமிச் செல்களுக்குச் செவியிலும் வேலை உண்டு. உள்காதில் ஒலி மின்துடிப்பாக மாறத் தேவையான மின்னழுத்தத்தைத் தக்கவைப்பதில் அவற்றுக்குப் பங்கு இருக்கிறது. அங்கே செல்களே போய்ச் சேராவிட்டால் காது கேட்காது. நீலக் கண்ணுடைய வெள்ளைப் பூனைகளில் பல செவிடாக இருப்பது இதனால்தான். மனிதரில் வார்டன்பர்க் நோய்க்குறி என்று ஒன்று உண்டு: நெற்றியில் ஒரு கொத்து வெள்ளை முடி, சிலருக்குப் பளிச்சென்ற நீலக் கண், கூடவே பிறவிச் செவிட்டுத்தன்மை. மைசூரு மானசகங்கோத்ரியில் இருக்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கு, குழந்தையின் முன்நெற்றி முடி ஒரு துப்பு. நிறமியின்மையில் செல்கள் காதுக்கு வந்து சேர்ந்துவிடுவதால் செவிக்குப் பொதுவாகக் குறை இல்லை. அங்கே அடி வாங்குவது கண்.

இனி புலி. 1951 மே மாதம், இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ரேவா காட்டில் மகாராஜா மார்த்தாண்ட் சிங்கின் வேட்டையில் ஒரு வெள்ளைப் புலிக்குட்டி உயிரோடு பிடிபட்டது. மோகன் என்று பெயரிட்டுக் கோவிந்த்கர் அரண்மனையில் வளர்த்தார்கள். பேகம் என்ற சாதாரணப் பெண்புலியோடு சேர்த்தார்கள். குட்டிகள் பிறந்தன, எல்லாம் மஞ்சள். மரபியல் படித்த யாரும் அதை முன்னரே சொல்லியிருப்பார்கள். வெள்ளைக்கான மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி சேர்ந்தால்தான் நிறம் வெளுக்கும். ஒன்று மட்டும் இருந்தால் அது சத்தமில்லாமல் உள்ளே கிடக்கும். பிறகு மோகனை அதன் சொந்த மகள் ராதாவோடு சேர்த்தார்கள். 1958இல் நான்கு குட்டிகள், நான்கும் வெள்ளை. அவற்றில் மோகினி 1960இல் வாஷிங்டன் போய் அமெரிக்க அதிபர் ஐசனோவர் முன் நின்றது. உலகத்தின் காட்சிச்சாலைகளில் நாம் பார்த்துப் பூரிக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவற்றின் வம்சம் இந்த அப்பா–மகள் உறவில் போய் முடிகிறது.

இந்தப் புலி ஏன் ஆல்பினோ இல்லை? உடம்பைப் பாருங்கள், வரி அழியவில்லை. மெலனினில் இரண்டு வகை. மஞ்சளும் சிவப்பும் தருவது ஒன்று, கறுப்பு தருவது மற்றொன்று. எஸ்.எல்.சி.45ஏ2 என்ற மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியதால் முதல் வகை மட்டும் நின்றுபோயிருக்கிறது என்று சீன ஆய்வாளர்கள் 2013இல் கண்டுபிடித்தார்கள். ஆனால் கண் தப்பவில்லை. வெள்ளைப் புலிகளில் பலவற்றுக்கு மாறுகண். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு இழைகள் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கும் கரு நிலையில் கண்ணில் இருக்கும் நிறமிக்கும் தொடர்பு உண்டு. நிறமி குறைந்தால் இழைகள் பாதை மாறிவிடுகின்றன. வெள்ளைப் புலியின் மூளையில் இந்தக் கோளாறு இருப்பது 1973இலேயே பதிவானது.

சயாமியப் பூனைக்கும் இதே மாறுகண் உண்டு. அதன் டைரோசினேஸ் சூட்டில் வேலை செய்யாது. குளிர்ந்தால் வேலை செய்யும். அதனால் கதகதப்பான உடல் வெளுத்தும், குளிர்ந்த காது நுனி, மூக்கு, பாதம், வால் கறுத்தும் இருக்கும். அந்தப் பூனையைத் தந்த அதே சயாமில்தான் வெள்ளை யானைக்காகப் பதினாறாம் நூற்றாண்டில் ஒரு போர் நடந்தது. பர்மிய அரசர் பயின்னாவுங், அயுத்தயா அரசரிடம் வெள்ளை யானைகளைக் கேட்டார். மறுத்ததைச் சாக்காக வைத்து 1563இல் படை எடுத்தார். ஐராவதத்தின் நிறமும், புத்தரின் தாய் மாயாதேவியின் கனவில் வந்த யானையின் நிறமும் சேர்ந்து தந்த மதிப்பு அது. உண்மையில் அந்த யானைகள் சுண்ணாம்பு வெள்ளைகூட இல்லை. இளஞ்சிவப்பு கலந்த மங்கல் நிறம்தான்.

விலங்கு வெளுத்தால் தெய்வாம்சம் என்கிறோம். மனிதர் வெளுத்தால்? நம் வீடுகளில் பதில் தயார்: கிரகணத்தன்று அம்மா வெளியே போயிருப்பாள், முன்வினை, பாம்பு சாபம். இதைவிட மோசமான பதில் வெள்ளைக்காரத் துரைகள் காலத்திலிருந்து வருவது. தாயின் ஒழுக்கத்தையே சந்தேகிப்பது. பனாமாவின் குனா மக்களிடம் உலகிலேயே மிக அதிக விகிதத்தில் நிறமியின்மை இருக்கிறது. அங்கே நிறமியின்மையோடு பிறந்தவர்கள் நிலவின் பிள்ளைகள். கிரகணத்தில் பூதம் நிலவை விழுங்க வரும்போது வெளியே போய் அம்பெய்து விரட்டும் உரிமை இவர்களுக்கு மட்டுமே. அதே கிரகணம் நம்மிடம் குற்றப்பத்திரிகை, அவர்களிடம் பட்டம். தான்சானியாவிலோ இப்படிப் பிறந்தவர்களின் உடலுறுப்பு அதிர்ஷ்டம் தரும் என்று நம்பி ஆட்களைக் கொன்றார்கள். 2015 முதல் ஜூன் 13ஐ நிறமியின்மை விழிப்புணர்வு நாளாக ஐ.நா. கடைப்பிடிப்பதற்குப் பின்னால் அந்தக் கொலைகளும் இருக்கின்றன.

சாபத்தையும் வரத்தையும் ஓரங்கட்டி, இது உடலின் வேதியியலில் பிறப்பிலேயே நேரும் ஒரு பிழை என்று 1908இல் லண்டன் சொற்பொழிவுகளில் விளக்கியவர் ஆர்ச்சிபால்ட் கேராட் என்ற மருத்துவர். இத்தகைய சில பிறவிக் கோளாறுகள் உறவுக்குள் மணந்தவர்களின் பிள்ளைகளிடம் அதிகம் தென்படுவது அப்போதே கவனத்துக்கு வந்துவிட்டது.

இதைத் தென்னிந்தியர்கள் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். பார்சிலோனா காட்சிச்சாலையில் ஸ்னோஃப்ளேக் என்ற உண்மையான ஆல்பினோ கொரில்லா இருந்தது. 2003இல் தோல் புற்றுநோயோடு அதன் வாழ்க்கை முடிவுக்கு வந்தது. அதன் மரபணுத் தொகுதியை 2013இல் படித்தபோது பழுது அதே எஸ்.எல்.சி.45ஏ2இல் இருந்தது, வேறொரு புள்ளியில். கூடவே ஒரு குடும்ப ரகசியமும் வெளிவந்தது: அதன் பெற்றோர் மாமன்–மருமகள் அளவுக்கு நெருங்கிய ரத்த உறவு. 1980களில் பெங்களூரு, மைசூரு மருத்துவமனைகளில் குழந்தை பெற்ற பெண்களிடம் பெரிய அளவில் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களின் திருமணங்களில் மூன்றில் ஒன்றுக்கு நெருக்கமானவை உறவுக்குள் நடந்தவை. அவற்றில் முதலிடம் தாய்மாமன்–அக்காள் மகள் கல்யாணத்துக்கு.

கணக்கு இதுதான். மனிதரில் ஏறக்குறைய 70 பேருக்கு ஒருவர் நிறமியின்மை மரபணு ஏதோ ஒன்றின் ஒற்றைப் பிரதியைத் தெரியாமல் சுமக்கிறார். தாய்மாமனிடம் அது இருந்தால், அக்காள் மகளிடமும் அதே பிரதி இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. உறவில்லாத பெண்ணிடம் அதே மரபணு பழுதாக இருக்கும் வாய்ப்பு எழுபதில் ஒன்றைவிடக் குறைவு. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நிறமியின்மை வர நான்கில் ஒரு வாய்ப்பு. உறவே இல்லாத தம்பதிக்கும் இப்படிக் குழந்தை பிறக்கலாம், பிறக்கிறது. ஆகவே இதை வைத்து யாரையும் குத்திக்காட்ட இடமில்லை. சொத்து வெளியே போகாது என்ற கணக்கோடு இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம் என்பதே என் கருத்து.

ரத்த உறவுக்குள் இணைவது காட்டில் தானாகவும் நடக்கிறது. ஒடிசாவின் சிமிலிபாலில் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்த புலிகள் இருப்பது, தனித்துப்போன சிறு கூட்டத்துக்குள்ளேயே இனப்பெருக்கம் நடப்பதன் விளைவு என்று பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் (என்.சி.பி.எஸ்.) ஆய்வாளர்கள் 2021இல் காட்டினார்கள். மைசூருக்கு அருகிலேயே, நீலகிரியில் 2017இல் வெளிறிய நிறத்தில் ஒரு புலி படமெடுக்கப்பட்டது. அது யாரும் வளர்க்காமல் காட்டிலேயே வளர்ந்த புலி. கூண்டுக்குள் அப்பா–மகளைச் சேர்த்து வெள்ளை வரவழைப்பதற்கு மட்டும் இயற்கையைச் சாட்சிக்கு இழுக்க முடியாது. அமெரிக்கக் காட்சிச்சாலைகளின் சங்கம் நிறத்துக்காக இனம் பெருக்குவதை நிறுத்தும்படி 2011இல் தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. நம் பூங்காக்களில் வெள்ளைப் புலி இன்னும் டிக்கெட் விற்கிறது. வெள்ளைப் புலி என்று தனி இனம் கிடையாது, அதைக் காப்பாற்றுவதால் காட்டுக்கு நயாபைசா லாபமில்லை என்று கூண்டின் முன் பலகையில் எழுதி வைத்தால், பார்க்க வரும் பிள்ளைகள் கொஞ்சம் விஷயத்தோடு வீடு திரும்புவார்கள்.

உங்கள் தெருவிலோ வகுப்பிலோ நிறமியின்மையோடு ஒரு குழந்தை இருந்தால், அது வெண்புள்ளி இல்லை, தொற்றாது, அறிவுக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை அக்கம்பக்கத்துக்குச் சொல்லுங்கள். வெயிலில் அகல விளிம்புத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். தோலில் ஆறாத புண் வந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண்ணாடி போட்டாலும் பார்வை முழுதாகத் தெளியாது. ஆகவே கரும்பலகைக்குப் பக்கத்தில், ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்காத இடம் கொடுங்கள், பெரிய எழுத்தில் வினாத்தாள் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறைபார்வைக்கு இடம் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் கண்ணைச் சோதித்து, தகுதி இருந்தால் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம்.