பாசி என்று ஒதுக்கலாமா?

ஏரியில் இறங்கிக் குளிக்கும்போது கால்களில் கொடிபோலச் சுற்றிக்கொள்ளும் பசுஞ்செடி ஒன்று உண்டு. "பாசி" என்று சொல்லி உதறிவிடுகிறோம். உண்மையில் அது பாசியன்று. வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உடைய முழுமையான செடி. பள்ளிச் சோதனைச் சாலையில் புனலைக் கவிழ்த்து, ஆக்ஸிஜன் குமிழிகள் எழுவதைப் பார்த்திருப்பீர்களே, அந்த ஹைட்ரில்லாதான் இது. நம் நாட்டில் இயற்கையாகவே வளரும் நீர்த் தாவரம்.

அடையாளம் காண்பது எப்படி?

ஒரு தண்டை எடுத்துப் பாருங்கள். கணுவுக்குக் கணு 3 முதல் 8 வரை சிற்றிலைகள் வட்டமாக அமைந்திருக்கும். இலையின் நீளம் பெரும்பாலும் 2 செ.மீ.க்குள் அடங்கும், விளிம்பில் ரம்பப் பற்கள் உண்டு. விரல்களுக்கிடையே இழுத்தால் சொரசொரவென்றிருக்கும். சேற்றுக்குள் சிறு கிழங்குகளும் இருக்கும். இலைகள் கவை கவையாகப் பிரிந்து, வேரே இல்லாமலிருந்தால் அது செரட்டோஃபில்லம். அடியிலிருந்தே நாடா போன்ற நீண்ட இலைகள் கிளம்பினால் அது வாலிஸ்நேரியா.

ஏரிக்கு என்ன பயன்?

ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்ஸிஜன் இருக்கிறது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரிலோ 7.5 மில்லிகிராம்தான் கரைந்திருக்க முடியும். அசையாத நீரில் அது பரவும் வேகமும் காற்றில் பரவுவதில் ஏறக்குறைய 10,000-இல் ஒரு பங்குதான். ஆகவே மேற்பரப்புக் காற்று மட்டும் ஆழத்திலுள்ள மீனுக்குப் போதாது. ஹைட்ரில்லாவோ நீருக்குள்ளேயே, மங்கிய ஒளியிலும் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்ஸிஜனை வெளிவிடுகிறது.

இன்னொரு பயனும் உண்டு. செடிகள் அலையின் வேகத்தைத் தணிப்பதால் மிதக்கும் வண்டல் கீழே படிகிறது. நீர் தெளிகிறது, ஒளி இன்னும் ஆழமாகச் செல்கிறது. மீன் குஞ்சுகளுக்கும் நத்தைகளுக்கும் இச்செடிகளே புகலிடம்.

அளவு மிஞ்சினால்?

இரவில் ஒளிச்சேர்க்கை இல்லை. சுவாசம் மட்டும் நடக்கிறது. செடி மிக அடர்ந்துவிட்டால் விடியற்காலையில் ஆக்ஸிஜன் மிகக் குறைந்து, மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். சாக்கடை நீரும் உரமும் கலக்கும் ஏரிகளில் இவ்வாறு பெருக வாய்ப்பு அதிகம். 1950-களில் மீன்தொட்டி வணிகத்தின் வழியாக அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குச் சென்ற இதே செடி, அங்கே கால்வாய்களை அடைக்கும் களையாகிவிட்டது. தென் அமெரிக்காவிலிருந்து நம்மிடம் வந்த ஆகாயத்தாமரையின் கதையும் அதுவே. அது மேற்பரப்பை மூடி ஒளியைத் தடுக்கிறது. தான் வெளிவிடும் ஆக்ஸிஜனையும் பெரும்பாலும் காற்றில்தான் விடுகிறது.

எனவே உங்கள் ஊர் ஏரியைத் தூய்மை செய்யும்போது, பச்சையாகத் தெரிவதையெல்லாம் வாரிக் கரையேற்றாதீர்கள். ஆகாயத்தாமரையை அகற்றுங்கள். ஹைட்ரில்லா அடர்ந்திருந்தால் ஓரளவு குறையுங்கள். அடியோடு அழித்தால் வண்டல் கலங்கும். செடி உண்டுவந்த சத்துகளை நுண்பாசிகள் எடுத்துக்கொள்ளும். நீர் பச்சைக் குழம்பாகிவிடும். அதன் பிறகு ஒளி அடிமட்டத்தை எட்டாது. செடி மீண்டும் தலையெடுப்பதும் கடினம். முதலில் கணுவிலுள்ள இலைகளை எண்ணிப் பாருங்கள். பிறகு அரிவாளை எடுங்கள்.